அறுநூற்று நாற்பது மீற்றர்

கிண்ணியா,
சனிக்கிழமை, பகல் லுஹர் தொழுத பிறகு.

மகன் றம்ஸானுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவுக்குச் சுகம், சீனி இந்த மாதம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, தங்கச்சி அப்ராவுக்கும் சுகம், எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, லண்டன் குளிரில் உன்னையும் அல்லாஹ் சுகமாக வைக்கட்டும். பக்கத்து வீட்டு ஜெஸீமா மாமிக்குத்தான் சுகமில்லை. எந்த நாளும் உன்னை நீங்கள் என்று எழுதுகிற உம்மா இன்றைக்கு நீ என்று எழுதுகிறேன், அதிலேயே தெரிந்துகொள், நான் கோபத்தில் இருக்கிறேன். மூன்று தடவை போன் எடுத்தேன், மூன்று தடவையும் கூட்டத்தில் இருக்கிறேன் உம்மா, பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. அப்ரா இதைப் படமெடுத்து அனுப்புவாள், கடைசி வரி வரைக்கும் வாசி.

மாமிக்குச் செவ்வாய்க்கிழமை திருகோணமலை ஆஸ்பத்திரியில் வலது காலில் இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள். சீனிப் புண். உங்கள் நிறுவனம் இங்கே புண்ணுக்கு மருந்து கட்டுகிற கிளினிக் இரண்டு திறந்ததே, அதில் ஒன்று நம் பக்கம் கடைத்தெருவில், மெதுவாக நடந்தாலும் அரை மணித்தியாலம்தான், மற்றது களப்புத் தண்ணீருக்கு அக்கரையில் குறிஞ்சாக்கேணியில். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டிய மனுசியை நீ எழுதிய புரோகிராம் அக்கரைக்குப் போட்டுவிட்டது. கடைத்தெருக் கிளினிக்கில் நேர்ஸ் சுதர்ஷிகா என்று அன்புவழிபுரத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை, நல்ல பிள்ளை, மாமியின் பெயரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, என்ன செய்யிறது அம்மா, உங்கட பேர் மற்றக் கிளினிக்கிலதான் காட்டுது, இஞ்ச திறக்க ஏலாது, திறக்காம மருந்து கட்ட எங்கள விடமாட்டாங்க என்று சொன்னாளாம். ஏன் அங்கே என்று மாமி கேட்டிருக்கிறார். அதுதான் உங்கட வீட்டுக்குக் கிட்ட என்று திரையைக் காட்டினாளாம். அக்கரை அறுநூற்று நாற்பது மீற்றர், கடைத்தெரு ஆயிரத்து நூறு மீற்றர்.

அந்த அறுநூற்று நாற்பது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், நீதானே போனில் பெருமையாகச் சொல்லித்தந்தாய். ஒரு அட்டவணையில் வீடுகள், இன்னொரு அட்டவணையில் கிளினிக்குகள், ஒவ்வொரு வரியிலும் அந்த இடம் பூமியில் எங்கே இருக்கிறது என்று இரண்டு எண்கள், கணினி இரண்டு இடத்துக்கும் நடுவே நேர்க்கோடு பிடித்து அளந்து, குறைந்த தூரத்தை மேலே எழுதி, அந்த மேல் வரியை எடுத்துக்கொள்ளும் என்றாய். முதல் நாள் இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டதில் நம் வீடு வடக்கே பனிக்கடலுக்குள் போய் விழுந்தது என்று சிரித்தாய், நானும் சேர்ந்து சிரித்தேன். உன் கோடு இப்போதும் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது மகன், இப்போது இங்கே யாரும் சிரிக்கவில்லை. கோடு நம் வேலியைத் தாண்டிக் களப்பின் மேலால் நேரே போகிறது, மாமி எந்தக் காலால் அதன் மேல் நடப்பார்? றோட்டால் சுற்றிப் போனால் எவ்வளவு என்று வியாழக்கிழமை நானே ஓட்டோவில் ஏறி மீட்டரைப் பார்த்துக்கொண்டே போனேன். பதினொரு கிலோமீற்றரும் நானூறு மீற்றரும். முதல் வாரம் மாமி பஸ்ஸில் போய்ச் சந்தியில் இறங்கி, வெயிலில் புண் காலோடு மிச்சத் தூரம் நடந்தார். இரண்டாவது வாரம் ஒரு நாள்தான் போனார். மூன்றாவது வாரம் போகவேயில்லை, எங்களுக்குச் சொல்லவுமில்லை, பழைய கட்டின் மேல் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு குசினியில் நின்று சமைத்திருக்கிறார். விரல் கறுத்துக் கெட்ட மணம் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

இதில் நீ மட்டும் குற்றவாளி என்றால் நான் இவ்வளவு கொதிக்க மாட்டேன். ஊரைப் பதிவு செய் என்று நீ சொன்னதைக் கேட்டு நாற்பத்து மூன்று வீட்டு வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இடத்தைக் காட்டுகிற அந்த நீலப் புள்ளி ஆடாமல் நிற்க வேண்டும் என்றாய், அது நிற்கும் வரைக்கும் நானும் ஆடாமல் நின்றேன். மாமி முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார், எனக்கு இந்த மெசின் வேலையெல்லாம் சரிவராது புள்ள என்றார். என்ட மகன் செஞ்சது, நம்பிப் பேரைக் குடுங்க என்று நான்தான் விடாமல் கேட்டு வாங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாமியின் மகள் றிஸ்னா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவள் திருப்பியது நியாயம். மாமி என் கையைப் பிடித்து, றம்ஸானுக்குச் சொல்லாதீங்க புள்ள, அவர் மனசு நோகும் என்றார். நான் சொல்கிறேன். நோகட்டும்.

புதன்கிழமை அப்ராவுக்கு நீ அனுப்பிய பதிலைப் பார்த்த பிறகுதான் பிழை எங்கே என்று எனக்கு விளங்கியது. அக்கரைக்குத் தோணி இருக்குதானே என்று கேட்டிருக்கிறாய். தோணி ஓட்டிய பஸ்லான் காக்கா முழங்கால் ஏலாமல் தோணியை விற்று மூன்று வருடமாகிறது, அதன் பிறகு வேறு யாரும் ஓட்டவில்லை. அவர் விற்ற அன்றைக்கே உனக்குப் போனில் சொன்னேன், ம் என்றாய். வேற்று ஊர்க்காரன் ஒருவன் இந்த வேலையைச் செய்திருந்தால், படத்தில் களப்பைக் கண்டவுடன் பயந்து, இதை எப்படிக் கடப்பார்கள் என்று யாரிடமாவது விசாரித்திருப்பான். நீ ஒருவரையும் கேட்கவில்லை. ஒன்பது வருடம் அந்தத் தோணியில் பள்ளிக்கூடம் போய் வந்த உனக்கு அது தண்ணீராகவே தெரியவில்லை. ஊர் தெரியும் என்ற எண்ணத்தில்தான் நீ பிழை விட்டாய்.

இப்போது நீ செய்ய வேண்டிய வேலைக்கு வருகிறேன். றோட்டுக் கணக்கையெல்லாம் சேர்க்க இரண்டு மாதம் பிடிக்கும் என்று அப்ராவிடம் சொன்னாயாம். மாமிக்கு இரண்டு மாதம் இல்லை. ஒழுங்காகக் கட்டு மாற்றினால் கால் தப்பும், தவறினால் கணுக்காலுக்கு மேலே வெட்ட வேண்டி வரும் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வீட்டுக்கு விடுகிறார்கள், செவ்வாய் காலை முதல் கட்டு. காணி உறுதிப் பத்திரத்தில் வருகிற படம் மாதிரி ஒரு நிலத்தின் எல்லையை முழுதாக அட்டவணைக்குள் வைக்கலாம் என்று நீதானே சொன்னாய். அப்படியென்றால் களப்பின் கரையைச் சுற்றி வரைந்து உள்ளே வை. எந்தக் கோடு அதைத் தொடுகிறதோ அந்த வரியைத் தள்ளிவிடு, மிச்சத்தில் எது கிட்டவோ அதைக் கொடு. படிக்காத உம்மாவுக்கு இவ்வளவு விளங்கினால் உனக்கு ஒரு இரவு போதும். அதுவரைக்கும் மாமியின் பெயரைக் கையாலேயே மாற்று. நம் கரையில் பதிந்தவர்களில் இன்னும் பதினாறு பேர் அக்கரைப் பட்டியலில் கிடக்கிறார்கள், பெயர்களை அப்ரா அனுப்புவாள், அவர்களையும் விட்டுவிடாதே.

வாப்பா பக்கத்தில் இருந்து, பொடியனைக் கனக்க ஏசாதீங்க, அவன் சாப்பிடாமல் கிடப்பான் என்கிறார். நீ சாப்பிடு, சாப்பிட்டுவிட்டு வேலையைச் செய். குளிருக்குக் காலுறை இரண்டாகப் போடு, கால் எவ்வளவு பெரிய விசயம் என்று இப்போது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தொழுகையை விடாதே, ஒவ்வொரு தொழுகையிலும் மாமிக்கு துஆச் செய். உன் அறிவிலும் கையிலும் அல்லாஹ் பறக்கத்தைத் தரட்டும், உன்னால் யாருக்கும் தீங்கு வராமல் காக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. செவ்வாய் காலை எட்டு மணிக்கு மாமியைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருக் கிளினிக்கில் நிற்பேன். பெயர் திறந்தாலும் உனக்குப் போன் எடுப்பேன், திறக்காவிட்டாலும் எடுப்பேன். திறக்காவிட்டால் நான் ஒன்றும் கதைக்க மாட்டேன், போனை மாமியின் கையில் கொடுத்துவிடுவேன். உன் மனம் நோகக் கூடாது என்கிற அந்த மனுசியிடம் நீயே சொல்லு, அக்கரை அறுநூற்று நாற்பது மீற்றர்தான் என்று.

இப்படிக்கு,
உன் உம்மா
றுக்கியா மஹ்ரூப்