பாட்டிலில் ஒட்டிய தமிழ்

தாராவி, 12.8.1986

மகளுக்கு வாப்பாவின் ஸலாம்.

நீ ஆராய்ச்சி செய்யும் கூடத்தில் பதினெட்டு வருடமாகப் பாட்டில் கழுவுகிறேன். சோதனை வேலையையும் பார்த்தே கற்றவன். கடல்பஞ்சுச் சாற்றில் ஊறிய முயலின் ரத்தக்குழாய்த் துண்டு, வழக்கமாகச் சுருக்க வைக்கும் கால்சியத்தை ஊற்றியும் சுருங்காததை முதலில் கண்டது நான்.

"வாப்பா பாட்டில மாத்தி ஊத்திருப்பாக" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தாய். நீ மறுபடி செய்தபோது சுருங்கியதாம். தவறு என்னுடையது என்று கையெழுத்துக் கேட்கிறாய்.

எனக்குத் தெரிந்த எழுத்து தமிழ். எது சாறு, எது கால்சியம் என்று அதில்தான் எழுதி ஒட்டியிருக்கிறேன். பம்பாய்ப் பள்ளியில் படித்த நீ, தமிழ் எழுத்து என்றாலே உம்மாவிடம் நீட்டுகிறவள். மறுபடி செய்தபோது பாட்டிலைப் படித்துப் பார்த்தா எடுத்தாய்?

இந்தக் கடிதத்தை உம்மாவிடம் கொடுக்காமல் நீயே இதுவரை படித்திருந்தால், அந்தப் பாட்டில்களையும் படிக்கலாம். போய்ப் படித்து, இன்னொரு முறை ஊற்றிப் பார்.

கையெழுத்துப் போடாத,
உன் வாப்பா