ஞாயிற்றுக்கிழமை ஆசீர்வாதம்

மரகைபோ, செவ்வாய்

என் வானமே,

மாமரம் காய்த்துக் கிடக்கிறது. இன்று நானே அரேபா, நம் சோள ரொட்டி, சுட்டேன், தீய்ந்துவிட்டது.

ஞாயிறன்று போனில் வழக்கம்போல முதலில் "ஆசீர்வாதம், அம்மா" என்று கேட்டாய். அதற்குப் பதில் வராமல் நம் வீட்டில் பேச்சே தொடங்காது. "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்டி" என்று பதில் வந்ததும் சிரித்தாய். "என்னம்மா, தொண்டை கட்டிடுச்சா? இங்க யாராவது தும்மினாத்தான் இங்கிலீஷ்ல இப்படிச் சொல்லுவாங்க!"

அது உன் அத்தை நேலிடாவின் குரல். அம்மாவை வெள்ளிக்கிழமையே அடக்கம் செய்துவிட்டோம். அப்போதே தெரிந்திருந்தால் கிளம்பி வந்திருப்பாய். மறுபடி அங்கே திரும்பிப் போக உன்னிடம் விசா இல்லை. நான்தான் அவளைப் பேசச் சொன்னேன்.

இனி ஆசீர்வாதத்தை என்னிடமே கேள். அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு தடவை சொல்கிறேன்.

உன் அப்பா