அன்பளிப்பு விதியும் ஒரு பொட்டலம் புகையிலையும்

பிப்ரவரி 4, செவ்வாய்

வயலட் ஒகேமேசிம் அக்காவின் கோப்பு என் மேசையில் இரண்டு மாதமாகக் கிடக்கிறது. அரசு பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக்கொண்டுபோய் வைத்த உறைவிடப் பள்ளியில் பட்ட கொடுமைக்கு இழப்பீடு கேட்டார். மனு எழுதிய வக்கீல், அக்கா அங்கே இருந்த ஆறு வருடத்தை இரண்டு என்று எழுதிவிட்டார். அக்காவின் புகாரில் அவரை விசாரிக்க வேண்டியது எங்கள் வக்கீல் ஒழுங்கு மன்றம். அக்காவின் வாக்குமூலம் வேண்டும். மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள், அந்த ஆளும் தப்பித்துவிடுவார்.

பிப்ரவரி 7, வெள்ளி

நேரில் போனேன். அக்கா இருக்கும் பழங்குடி ரிசர்வுக்குக் காரில் இரண்டு மணி நேரம், வழியெல்லாம் பனி. அக்கா பள்ளி பஸ் ஓட்டுகிறவர். மூஸ் மான் கறியும் ரொட்டியும் வைத்தார், ஹாக்கி பேசினார், பஸ் ஹீட்டரைத் திட்டினார். நான் படிவத்தை எடுத்தபோதெல்லாம் டீ ஊற்றினார். கிளம்பும்போதுதான் சொன்னார்: “நீயும் நம்ம கிரீ இனத்துப் பொண்ணுதானே மார்லிஸ்? வெறுங்கையோட வந்து கேட்டா எப்படிம்மா சொல்றது?”

வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் வழக்கத்தில் ஒருவரின் கதையைக் கேட்கப் போனால் புகையிலையை நீட்டவேண்டும், அவர் வாங்கிக்கொண்டால்தான் பேச்சு. எனக்குத் தெரியாதா? பொட்டலம் காரிலேயே இருந்தது. புகார்தாரருக்கு எதுவும் கொடுக்கக்கூடாது என்கிற விதிக்குப் பயந்து விட்டுவிட்டுப் போனேன். சே — நான் யாரோட ஆள்?

பிப்ரவரி 10, திங்கள்

மேலதிகாரி பென்னரிடம் கேட்டேன்.

“அன்பளிப்பு அன்பளிப்புதான் மார்லிஸ். சாட்சிய விலைக்கு வாங்கிட்டாங்கன்னு எதிர்த்தரப்பு கிழிச்சுத் தொங்கவிட்டுடும்.”

“கோர்ட்ல பைபிள நீட்டறாங்களே சார், அதுவும் அன்பளிப்பா?”

வாசலில் பழங்குடி மக்களோடு நல்லிணக்க உறுதிமொழியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். நன்றாகத்தான் துடைக்கிறார்கள்.

பிப்ரவரி 11

வாயை அடக்கியிருக்கலாம். இல்லை, ஏன் அடக்கணும்?

பிப்ரவரி 19, புதன்

பென்னர் என் மேசைக்கே வந்தார். என் கேள்வியை மன்றக் குழுவில் வைத்தாராம், ஒன்றரை மணி நேரம் சண்டையாம். புகையிலை அன்பளிப்பு இல்லை, சத்தியப் பிரமாணத்தோடு சேர்ந்தது என்று முடிவாகியிருக்கிறது.

“இந்த ஒரு கோப்புக்கு மட்டும்தான். நானும் வர்றேன்.”

“வேடிக்கை பார்க்கவா சார்?”

“கடிதம் மூணும் என் பேர்லதானே போச்சு? கேக்க வேண்டியவன் நான்தானே?”

மனுஷன் பரவாயில்லை. சந்தோஷத்தில் மதியம் சாப்பிடவே மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

அக்கா வீட்டில் பென்னர் புகையிலைப் பொட்டலத்தை நீட்டினார். அக்கா உடனே வாங்கவில்லை.

“எவ்வளவு நேரம் ஒதுக்கி வச்சிருக்கீங்க?”

“நீங்க முடிக்கிற வரைக்கும்.”

வாங்கிக்கொண்டார். பத்து மணிக்கு ஆரம்பித்து நான்கு வரை பேசினார். பெரிய வக்கீல்களையே பாதியில் மறிக்கிற பென்னர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் எழுதிக்கொண்டே இருந்தேன், இரண்டு முறை அழுதேன்.

கையெழுத்துக்காகப் பேனாவைக் கொடுத்தேன். அக்கா அதைக் கீழே வைத்துவிட்டார்.

“முதல்ல முழுசாப் படிச்சுக் காட்டு. அந்த வக்கீல் ஒரு தடவை படிச்சுக் காட்டியிருந்தா, நீங்க இந்தப் பனியில வந்திருக்கவே வேணாம்.”

படித்தேன். இரண்டு இடத்தில் திருத்தினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.