சர்மி இன்னும் தேநீர் குடிக்கவில்லை

ஞாயிறு, 8 பெப்ரவரி 1987. டூட்டிங், லண்டன்

மழை. ஹீட்டர் மறுபடி பழுது. வீட்டுக்காரனுக்குச் சொல்ல வேண்டும்.

மாலையில் உதவி நிதியத்து ஆள் சர்மியைக் கொண்டுவந்து விட்டுப் போனார். அவள் ஊர் மத்திய ஜாவா, வாருரெஜோ. நெல் விளையும் சின்ன ஊர். பட்டத்து ஆய்வுக்காக ஒரு போகம் முழுக்க அங்கே இருந்தேன். அப்போது இவள் சிறுமி. எனக்கு நினைவில்லை. அவளுக்கு என்னை நினைவிருக்கிறது: "சீலையோட வயலுக்குள்ள விழுந்த அக்கா." பொய்யில்லை.

(பேசுவது இந்தோனேசிய மொழி. எழுதும்போது எங்கள் ஊர்ப் பேச்சாகவே வருகிறது.)

ஊர்த்தலைவர் வீர்யோவும் வந்திருக்கிறார். அவருக்கு ஹோட்டல். இவளுக்கு மொழி தெரிந்த வீடு போதுமாம். வியாழன் நிதியத்தில் கூட்டம்: ஊருக்கு நெற்கதிரைச் சூடடிக்கும் மெஷின்கள் கொடுப்பதா, இல்லையா. என் வேலை மொழிபெயர்ப்பு மட்டும். கடிதத்தில் 'மட்டும்' அடிக்கோடிட்டு.

தேநீர் வைத்தேன். தொடவில்லை. பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது. "குடியும்." சிரிப்பு. "குடியுமன்." "இருக்கட்டும் அக்கா." மூன்றாம் முறை சொன்ன பிறகுதான் கையில் எடுத்தாள். ஆடை படிந்துவிட்டிருந்தது. அந்த ஊரில் கேட்டால் முதல் இரண்டு முறை சொல்வது மரியாதைக்கு. மூன்றாவதுதான் பதில்.

எங்களிலும் இப்படித்தான் இருந்தது. லண்டனில் யாருக்கு நேரம்.

திங்கள், 9

குளிர். வெயில் கொஞ்சம், ஏமாற்று.

வாங்கியவை: பச்சை மிளகாய், கருவாடு, புளி, கம்பளிக் காலுறை இரண்டு சோடி. என் பழைய சாம்பல் கோட் அவளுக்கு. முழங்கால் தாண்டி நிற்கிறது.

வேலை முடிந்து தங்கை மலர் வந்தாள். "என்னக்கா, நீங்கள் ஆராய்ச்சிக்குப் போன காலம் போய் ஆராய்ச்சி வீட்டுக்கே வந்திட்டுதோ?" சர்மி சிரித்தாள், ஒன்றும் விளங்காமலே.

இரவுச் சாப்பாட்டில் ஊர்ச் சங்கதி. சர்மிக்கு நிலம் இல்லை. அங்கே அறுவடைக்கு யாரும் போகலாம், மறிக்கிற வழக்கம் இல்லை. அறுத்து அடித்துக் கொடுத்ததில் ஒரு பங்கு தனக்கு. நிலமில்லாத பெண்களுக்கு அதுதான் வருடத்துச் சோறு. மெஷின் வந்தால் அதை வாடகைக்கு எடுக்கும் குத்தகைக்காரன் தன் ஆட்களோடு வருவான். இவர்கள் வரம்பில் நின்று பார்க்கலாம்.

"அப்ப உமக்கு மெசின் வேண்டாமோ?"

"தலைவருக்குத் தெரியும், அக்கா."

மறுபடி கேட்கவில்லை. மெஷின் கூடாது என்று எழுதிப் பட்டம் வாங்கியவள் நான். வற்புறுத்தினால் என் பதிலையே எனக்குத் திருப்பித் தருவாள்.

மலர்: "பேசாமல் வேண்டாமெண்டு நீங்களே சொல்லிவிடுங்கோவன். கூட்டத்தில இருக்கிறவைக்கு என்ன விளங்கப்போகுது?"

"என்ர விருப்பம் அவவின்ர விருப்பம் இல்லை."

"ஓம் ஓம். படிச்ச ஆக்கள்." கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய், 10

வகுப்பு எடுத்தேன். ஐந்து பேர், இரண்டு பேர் தூக்கம். ஊரிலிருந்து கடிதமில்லை.

சர்மி வீட்டை இரண்டு தரம் கூட்டியிருக்கிறாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

அவள் மகள் இந்த வருடம் பள்ளி முடிக்கிறாள். பிறகு? சுரபாயாவில் சப்பாத்து தைக்கும் தொழிற்சாலை, அல்லது கல்யாணம். "வயலுக்கு வரமாட்டாள். வரவும் வேண்டாம். குனிஞ்சு குனிஞ்சு என்ர நாரி போச்சு, இடுப்பை நிமித்தேலாது." என் ஆய்வேட்டில் யாருக்கும் நாரி நோகவில்லை.

புதன், 11

மழை. தலைவர் சாப்பிட வந்தார். நல்ல பேச்சுக்காரர். பூப்போட்ட பட்டிக் சட்டை, அதன்மேல் இரண்டு ஸ்வெட்டர்.

"இவ்வளவு பெரிய ஊர், ஒரு வயல் இல்லை. என்னத்தைத்தான் தின்னுதுகள்?" மொழிபெயர்த்துச் சொன்னதும் மலர்கூடச் சிரித்தாள்.

மெஷின்கள் அவர் வீட்டு வளவில் நிற்குமாம். பாதுகாப்புக்கு. பிறகு, சர்மியைப் பாராமல்: "நாளைக்கு நீ ஒரு சொல் சொன்னால் காணும். நான் உனக்கு என்ன குறை வைச்சனான்?"

அவர் போன பிறகு சொன்னாள்: அவள் குடிசை நிற்பது அவர் நிலத்தில். வாடகை இல்லை. எழுத்தும் இல்லை. எழும்பு என்றால் எழும்ப வேண்டியதுதான்.

பாத்திரம் கழுவினேன். கருவாடு மிச்சம்.

வியாழன், 12

நோர்தேர்ன் லைன் தாமதம். ஓடிப்போய்ச் சேர்ந்தோம். நீள மேசை, ஏழெட்டுப் பேர், பிஸ்கட்.

தலைவர் நன்றாகப் பேசினார். பெண்கள் எல்லோருக்கும் சம்மதம் என்றார். மொழிபெயர்த்தேன். கூட்டத் தலைவி சர்மியிடம் ஒரே ஒரு தடவை: சம்மதம்தானா?

"ஓம்." நிலத்தைப் பார்த்து.

மொழிபெயர்த்தேன். தலைவி குறித்துக்கொண்டாள். அடுத்த விஷயத்துக்குத் தாள் புரண்டது.

சர்மியின் முன்னால் தேநீர். நிரம்பியபடி. ஆடை.

கையைத் தூக்கினேன். சொன்னேன்: "அந்த ஓம் மரியாதைக்கு. இன்னும் கேட்க வேண்டும்." தலைவி மணிக்கூட்டைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளர் கருத்துச் சொல்வதில்லை என்று யாரோ. கருத்தில்லை, இதுவும் மொழிபெயர்ப்புத்தான் என்றேன்.

தலைவி மறுபடி கேட்டாள். சர்மி: "தலைவர் சொன்னதுதான்."

"இன்னும் ஒரு தடவை" என்றேன்.

வீர்யோ என்னைப் பார்த்தார். சிரித்தபடிதான். "டொக்டர் அம்மா, களைச்ச பெண்ணை ஏன் வருத்துறியள்?"

தலைவி பேனையை வைத்தாள். கேட்டாள்.

சர்மி கோப்பையை எடுத்தாள். ஆறின தேநீர். முழுவதும் குடித்தாள். கோப்பையைத் தட்டில் சத்தமில்லாமல் வைத்தாள்.

"மெசின் வரட்டும். என்ர நாரிக்கும் நல்லது. ஆனால் அவர் வளவில வேண்டாம். அறுக்கிற பெண்டுகளின்ர கையில தாங்கோ. மெசின் கூலியை நாங்கள் எடுக்கிறம். அவர் வளவில எண்டால் ஒண்டும் தரவேண்டாம்."

நான் எதிர்பார்த்த பதில் இல்லை. ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன்.

முடிவு ஒத்திவைப்பு. யாராவது போய்ப் பெண்களைத் தனியாகக் கேட்ட பிறகுதான். போகிறீர்களா என்று என்னிடம். யோசிக்க வேண்டும் என்றேன்.

ரயிலில் ஸ்டொக்வெல் வரை இடமில்லை, நின்றோம். பிறகு: "அக்கா, ஏன் மூண்டாந்தரம் கேக்க வைச்சனீங்கள்?"

அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

"இப்ப எனக்கு வீடு இருக்குமோ தெரியாது."

வெள்ளி, 13

நிதியத்துக்குப் போன். குடிசைக் காணி விஷயம் சொன்னேன். அது அவர்கள் அலுவல் இல்லையாம். எழுத்தில் கேட்டேன், எழுதித் தருவார்களாம், திங்கள். திங்கள் இவள் அங்கே.

மறுபடி எடுத்தேன். அந்தப் பெண்களைக் கேட்க நானே போகிறேன், ஏப்ரல் விடுமுறையில் என்று சொல்லிவிட்டேன். சர்மியிடமும் சொன்னேன். "வாங்கோ" என்றாள். ஒரு தடவைதான். மரியாதைக்கா, தெரியவில்லை.

சனி, 14

ஹீத்ரோ. மூடுபனி, விமானம் தாமதம். தலைவர் என்னோடு பேசவில்லை. சர்மியோடும் இல்லை.

அழைப்பு வந்தது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு, "வா" என்றார். சர்மி கதிரையில் இருந்தபடி காலுறையை இழுத்துவிட்டாள். "வா எண்டுறன்." கைப்பையில் எதையோ தேடினாள். அவர் நின்றார். சுற்றிப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். "சர்மி, வாவன், போவம்."

எழுந்தாள்.

என் கோட் அவள் மேலேயே போயிற்று. நான் ஒரு தடவையும் திருப்பிக் கேட்கவில்லை.