கோபத்தில் செத்த பெரியம்மா

பிப்ரவரி 11

பனி. கீமோ முடிந்ததும் ஆப்பிள் கிடங்கு வேலையில் அம்மாவை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். நின்று பழம் பொறுக்குகிற வரிசையில் இல்லை, உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டுகிற இடத்தில். அதை ஒரு பெரிய அவமானம் போல வந்து சொன்னாள்.

மாலையில் மருத்துவமனையிலிருந்து போன். வழக்கம்போல ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. அம்மாவின் சினைப்பையில் வந்தது பரம்பரையாக வருகிற வகைப் புற்றுநோயாம். ரத்தப் பரிசோதனையில் அந்த மரபணுக் கோளாறு தெரிகிறது. எனக்கும் அக்காவுக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்" என்றேன். நான்கு வருடம் உயிரியல் படித்து என் வாயில் வந்தது இவ்வளவுதான்.

அம்மா சொன்னது: "உன் அக்கா எரெந்திராகிட்ட மூச்சு விடாதே. மாமியார் வீட்ல இருக்கிறவ."

பிப்ரவரி 20

மரபணு ஆலோசகரிடம் போனோம். யாரை வேண்டுமானாலும் அழைத்து வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா என் ஞானத்தாய் ஒத்திலியாவைக் கூட்டி வந்தாள்.

ஆலோசகர் பெயர் இவெலிஸ். போர்ட்டோ ரிக்கோக்காரர். ஸ்பானிஷ் பேசினால் ரயில் போவது போல இருக்கிறது.

"மெதுவாப் பேசும்மா," என்றாள் ஒத்திலியா. "நாங்க மிச்சோவாகான் மலைக்காரங்க. பேச்சு மலையேறித்தான் எங்க காதுக்கு வரணும்."

எந்த ஊர், எப்போது வந்தீர்கள், வீட்டில் எதையாவது முடிவு செய்வது யார் என்றே இவெலிஸ் கேட்டுக்கொண்டிருந்தார். விஷயத்துக்கு எப்போது வருவார் என்று காத்திருந்தேன். அதுதான் விஷயம் என்பது பிறகுதான் புரிந்தது.

பிறகு குடும்ப மரம் வரைந்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், புற்றுநோய் வந்திருந்தால் கறுப்பு. "உங்க அக்கா தெல்ஃபினா எப்படி இறந்தாங்க?"

"கோபத்துல," என்றாள் அம்மா.

எனக்கு முகம் சுட்டது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பெரியப்பா வேறொருத்தியோடு போனார். பெரியம்மாவுக்கு அந்தக் கோபம் உடம்பில் இறங்கி ஆளைத் தின்றுவிட்டது. அதனால்தான் என்னையும் அக்காவையும் கோபப்படவே விடாமல் வளர்த்தாள் அம்மா. ஆனால் இதை ஒரு மருத்துவமனையில் வைத்துச் சொல்வாளா? மன்னிப்புக் கேட்பதுபோல ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன். இவெலிஸ் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"எங்க ஊர்லயும் அப்படிச் சொல்வாங்க," என்றார் அம்மாவிடம். "அந்தக் கோபம் அவங்க உடம்புல எங்க போய் உக்காந்துச்சு?"

அம்மாவின் கை தானாக இடது மார்புக்குப் போனது. "இங்க. கல்லு மாதிரி. மேல்தோலெல்லாம் புண்ணாயிடுச்சு. யாருக்கும் காட்டல."

இவெலிஸ் பெரியம்மாவின் வட்டத்தில் பாதியைக் கறுப்பாக்கினார். ஒத்திலியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது காரில் அம்மா: "அந்தப் பாவி மனுஷன்தான் கொன்னான்னு இத்தனை வருஷமா சாபம் விட்டேன். இனிமே யாரைத் திட்டுறது?"

மார்ச் 3

நானும் ரத்தம் கொடுத்தேன். அக்காவை இவெலிஸ் நேரடியாகக் கூப்பிட முடியாதாம், மருத்துவமனை விதி. நாங்கள்தான் சொல்ல வேண்டும். "உங்க பேத்திகளுக்காகச் சொல்லுங்க" என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார். அம்மா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 14

ஞாயிறு. அக்கா வீட்டில் சோளமும் இறைச்சியும் போட்ட போசோலே சூப். எல்லோருக்கும் கிண்ணம் வைத்து முடித்ததும், உட்காராமலேயே சொல்லிவிட்டாள் அம்மா. பரம்பரை என்று. தெல்ஃபினாவுக்கு வந்ததும் அதுதான் என்று. நான் நம்பவே இல்லை, அவள் சொல்வாள் என்று.

அக்காவின் மாமியார் முள்ளங்கியைக் கிண்ணத்தில் போட்டபடி, "எங்க குடும்பத்துல அப்படியெல்லாம் கிடையாது" என்றாள். அத்தான் தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்தார்.

அக்கா சிரித்தாள். "நான் என்னைக்காவது கோபப்பட்டுப் பார்த்திருக்கியாம்மா? எனக்கெல்லாம் எங்கேருந்து வரும்?"

உண்மைதான். அத்தான் மூன்று நாள் வீட்டுக்கு வராதபோதுகூட அவள் கோபப்படவில்லை. அதையெல்லாம் மருந்து மாதிரி விழுங்கியிருக்கிறாள்.

ஏப்ரல் 29

எனக்கு இல்லை.

இவெலிஸ் சொன்னதும் காருக்குப் போய் உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டும்தானே? ஏன் திருடியது போல இருக்கிறது?

மே 5

அக்காவிடம் சொன்னேன்.

"பார்த்தியா, நல்லதெல்லாம் பட்டதாரிக்கே! உனக்கு இல்லேன்னா எனக்கும் இல்ல. ஒரே வயித்துலதானே பொறந்தோம்?"

அப்படி இல்லை, ஒவ்வொருத்திக்கும் தனித்தனிக் கணக்கு என்றேன். இன்னொரு முறை சொன்னேன். மூன்றாம் முறை சொன்னபோது அக்கா கையிலிருந்த தட்டைப் பாத்திரத் தொட்டியில் எறிந்தாள். "படிச்சுட்டா எங்களுக்கெல்லாம் சாவு நாள் குறிப்பியாடி நீ?"

தட்டு உடைந்தது. அவள் பயந்து தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஓடிவந்து அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். என்னைப் பார்த்து, "அவளைக் கொல்லப் பாக்குறியா?" என்றாள்.

உடைந்த துண்டுகளை நான் பொறுக்கினேன். வேறு என்ன செய்ய?

ஜூன் 22

செர்ரிப் பறிப்பு. அக்காவுக்கு உதவப் போனேன். பரிசோதனையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "பெட்டியைத் தூக்குடி" என்றாள். தூக்கினேன்.

ஜூலை 30

அக்கா பெயரில் நானே இவெலிஸிடம் நேரம் வாங்கினேன். வருகிறேன் என்றாள். மருத்துவமனை வாசலில் நின்றேன். வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

இவெலிஸ் வெளியே வந்து என்னோடு கொஞ்ச நேரம் நின்றார். "கதவைத் திறந்து வை. பிடிச்சுத் தள்ளாதே. எப்ப வந்தாலும் நான் இருக்கேன்." நல்லவர். ஆனால் எவ்வளவு காலம் திறந்து வைப்பது? அது யாருக்காவது தெரியுமா?

செப்டம்பர் 8

அக்காவின் மூத்தவள் பிறந்தநாள். நன்றாக இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும்தான்.

அக்டோபர் 17

மதியம் அக்கா கூப்பிட்டாள். சாதாரணக் குரல்.

"அடுத்த வியாழக்கிழமை என்னைக் கார்ல கூட்டிட்டுப் போறியா? மருத்துவமனைக்கு. மாமியார்கிட்ட பல்லுக்குன்னு சொல்லியிருக்கேன், நீயும் அதையே சொல்லு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போறேன், கண்டிப்பா, இவெலிஸ் ரெண்டாவது மாடியில இருப்பாங்க, இப்பவே சொல்லி வைக்கிறேன் என்று கொட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகப் பேசியதில்லை.

அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ரெண்டு இல்லடி. மூணாவது மாடி."

மூன்றாவது மாடியில்தான் அம்மாவுக்குக் கீமோ ஏற்றினார்கள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். "கோடையிலேர்ந்து. மார்புல, கல்லு மாதிரி." வலிக்கிறதா என்றேன். "இல்ல. அதனாலதான் யாருக்கும் காட்டாம..." என்று நிறுத்திவிட்டாள். பின்னால் சின்னவள் எதற்கோ அழுதாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"நீ சொல்லு. நீதானே எல்லாத்தையும் சொல்றவ."

அம்மா சமையலறையில் சோளமாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். ரேடியோவோடு சேர்ந்து பாடுகிறாள். பாட்டு முடியட்டும். போகிறேன்.