கேள்விக்குறி போட்ட மழை

சேலையூர்,
3-11-1996

அன்புள்ள எலியேசர் சார் அவர்களுக்கு,

கஸ்தூரிரங்கன் வணக்கத்துடன் எழுதுவது. பதினோரு வருஷம் கழித்து இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடத் தோன்றினால் அதில் தப்பே இல்லை. ஆனால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழியுங்கள். எனக்கு உங்களிடமிருந்து ஒன்று வேண்டும். 1985 நவம்பரில் மழை அளவைக் குறித்து வைத்தீர்களே, அந்தச் சின்ன நோட்டு இன்னும் உங்களிடம் இருக்கிறதா? இந்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் அது இங்கே வந்தாக வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நேராகச் சொல்லும் தைரியம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பாளையங்கோட்டை விலாசத்தை, உங்கள் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருக்கும் பட்டாபிராமனிடம் கேட்டு வாங்கினேன். மகள் வீட்டில் இருக்கிறீர்கள், சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனாலும் சாயங்காலம் பசங்களுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுப்பதை விடவில்லை என்றார். நீங்கள் விடமாட்டீர்கள். இங்கே சுந்தரவல்லிக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறுவதில்லை. எனக்கு முப்பதாம் தேதியோடு வானிலை அலுவலக வேலை முடிகிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் அவள், எலியேசர் சார் வீட்டுக் கேக் ஏன் வருவதில்லை என்று என்னைக் கேட்பாள். அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார் இல்லையா என்பேன். போவதற்கு முன்னாலேயே நின்றுவிட்டதே என்பாள். நான் பேப்பரை விரித்துக்கொள்வேன்.

கேம்ப் ரோட்டை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. முன்பு மேற்கே பார்த்தால் மொட்டை மாடியிலிருந்தே பச்சைமலை தெரியும். இப்போது நாலு பக்கமும் தண்ணீர்த் தொட்டிகள்தான். போன மே மாதம் ஒரு சாயங்காலம் அந்தத் தொட்டிகளுக்கு நடுவே மேகம் திரண்டு எழும்பியது. தனியாக நின்று பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால் அந்நேரம் லாம்பரெட்டா ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பியிருப்பீர்கள். கடலிலிருந்து வரும் மழையை வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம், மேற்கு மழையை எதிரே போய்த்தான் பார்க்க வேண்டும் என்பது உங்கள் கட்சி.

எத்தனை தடவை போயிருப்போம்! ஜி.எஸ்.டி. ரோட்டில் பொத்தேரி தாண்டினால் அப்போது இரண்டு பக்கமும் வயல்கள்தான், மேகத்தின் அடிப்பாகம் முழுசாகத் தெரியும். சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எத்தனை விநாடி என்று உங்கள் கைக்கடிகாரத்தில் எண்ணுவோம். பதினைந்துக்குக் கீழே வந்தால் வண்டியைத் திருப்ப வேண்டும் என்பது நம் ஒப்பந்தம். ஒரு நாளாவது நீங்கள் பதினைந்தில் திருப்பியதுண்டா? இன்னும் ஒரு மின்னல் சார், இன்னும் ஒரே ஒரு மின்னல் என்பீர்கள். பின்சீட்டில் நான் உங்கள் தோளை இறுகப் பிடித்துக்கொள்வேன். மேகத்தைப் பற்றிப் படித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான், அதைப் பார்த்துப் பயந்தவனும் நான்தான்.

திரும்பும் வழியில் கூடுவாஞ்சேரியிலும் ஊரப்பாக்கத்திலும் செங்கல் சூளைகளில் நிறுத்தி, அரை மணியில் மழை, தார்ப்பாய் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே வருவோம். முதல் வருஷம் சிரித்தார்கள். அடுத்த வருஷம் லாம்பரெட்டா சத்தம் கேட்டாலே தார்ப்பாயை எடுக்க ஓடினார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன வானிலையை ஜனங்கள் அப்படி நம்பியது அந்த ரோட்டில் மட்டும்தான். அதுவும் உங்களை நம்பித்தான்.

பிறகு அந்தத் தபால் கார்டு யோசனையும் உங்களுடையதே. தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை எட்டுப் பேர் வீட்டில் எட்டு மழைமானிகள். தகரக் கடையில் ஒரே அளவில் செய்து வாங்கினோம். தினம் காலை எட்டரை மணிக்கு அளந்து, மாசக் கடைசியில் கார்டில் எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். நான் அலுவலகத்தில் அதற்கென்று ஒரு பதிவேடு போட்டு, கார்பன் பிரதி எடுத்து எல்லோருக்கும் அனுப்புவேன். சம்பளமில்லாத வேலை. அந்தக் கார்டுகளுக்காகக் காத்திருந்ததுபோல நான் என் கல்யாணப் பத்திரிகைக்குக்கூடக் காத்திருந்ததில்லை. சுந்தரவல்லி இதைப் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் லோகநாதன் என்ற இளம் இன்ஜினியர் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். நம் காலனிக்குக் கீழே ஏரியின் உபரித் தண்ணீர் ஓடும் கால்வாயில் பழைய சிறுபாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை மழை பெய்திருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். நம் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தேன். 1985 நவம்பர் பக்கத்தில் அவர் விரல் நின்றது. என் வீட்டு மழைமானியில் 19.8 சென்டிமீட்டர். அரை மைலில் இருந்த உங்கள் வீட்டில் 31.4. உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி.

இதில் சந்தேகம் இருப்பதால் விட்டுவிடுகிறேன் சார், இருபது என்றே வைத்துக்கொள்கிறேன் என்றார். இருபது என்றால் தண்ணீர் போகப் பாலத்துக்கு இரண்டு கண் போதுமாம். முப்பத்தொன்று என்றால் நான்கு கண் வைக்க வேண்டுமாம். அவருக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தேன்.

பதினோரு வருஷத்துக்கு முன் அந்தக் கேள்விக்குறியைக் கார்பன் பிரதியில் பார்த்துவிட்டு நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். கேட்டைத் திறக்கவில்லை. வெளியே நின்றபடியே கேட்டீர்கள்.

"நான் அளந்ததத்தான் எழுதினேன் சார். இந்தக் குறிய நீங்க எத அளந்து போட்டீங்க?"

இரண்டு இடத்துக்கும் இத்தனை வித்தியாசம் இருக்க முடியாது, விதிப்படி குறி போட்டாக வேண்டும் என்று ஏதோ சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். அடுத்த மாதம் உங்கள் கார்டு வரவில்லை. மழைமானியைப் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஐந்து வருஷம் ஒரே பஸ் ஸ்டாப்பில் நின்றோம், ஒரு வார்த்தை பேசவில்லை.

லோகநாதன் வந்துபோன மறுநாள் காலையில், கால்வாய்க் கரையில் குடியிருக்கும் கீரைக்கார அஞ்சம்மாள் வாசலுக்கு வந்தாள். அந்த 85 வெள்ளத்தில் குழந்தைகளோடு உங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று நாள் தங்கியிருந்தவள்தான். கீரைக்கட்டை வைத்துவிட்டு, "இன்னா சாமி, புச்சா பாலம் கட்றாங்களாமே? இனிமே தண்ணி வூட்டுக்குள்ள வராதில்ல?" என்று கேட்டாள். நான் சில்லறை எடுக்கத் திரும்பினேன். அவளாகவே பேசிக்கொண்டு போனாள். அந்த மழையில் வாத்தியார் மூன்று தடவை வெளியே போய் மழைமானிப் போத்தல் தண்ணீரை அளந்து கொட்டிவிட்டு வந்தாராம். குடை பிய்த்துக்கொண்டு போனதால் தலையில் சோறு வடிக்கிற தட்டைக் கவிழ்த்துக்கொண்டு போனாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எலியேசர் சார், இப்போது எழுதப் போவதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த மழை வலுப்பதற்கு முன்னால் இரண்டு நாள் அலுவலகத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீரில் நடந்து வீடு வந்து சேர்ந்தவன், படுத்ததும் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன். சுந்தரவல்லியும் பாவம், எழுப்பவில்லை. எழுந்து மாடிக்குப் போனால் குடுவை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நம் மழைமானிக் குடுவை இருபதுக்கு மேல் கொள்ளாது. அதற்கு மேல் எத்தனை பெய்ததென்று எனக்குத் தெரியாது. வழிந்துவிட்டது, அளவு இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். வானிலைக்காரன் வீட்டு மழைமானி வழிந்தது என்று எழுத வெட்கமாக இருந்தது. இருபது என்று எழுதினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று 19.8 என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்து உங்கள் கார்டு வந்தது. அதைப் பார்த்த கணமே எனக்குத் தெரியும், உங்கள் எண் சரி, என்னுடையது பொய். உங்களுடையதை அப்படியே விட்டால் என்னுடையதை யாராவது கேட்பார்கள். அதனால் உங்கள் பக்கத்தில் குறி போட்டேன். அதைப் போட அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நேற்று பதிவேட்டில் என் எண்ணைச் சிவப்பு மையில் அடித்து, குடுவை வழிந்தது, அளவு பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில், சந்தேகக் குறி போட்டது தொகுத்தவருடைய தவறு என்று எழுதினேன். வேலை முடிய ஒரு மாசம்கூட இல்லாதபோது இது உங்களுக்கு எதற்கு சார் என்று அதிகாரி கேட்டார். இன்னும் ஒரு மாசம்தானே இருக்கிறது, அதனால்தான் என்றேன்.

ஆனால் லோகநாதன் அது போதாது என்கிறார். பதினோரு வருஷம் பொய்யை வைத்திருந்த ஒருவர் இன்றைக்குச் சொல்வதை மேலே இருப்பவர்கள் ஏற்கமாட்டார்கள், அந்தந்த நேரத்தில் அளந்தவர் கையால் எழுதியது வேண்டும் என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. பதினைந்தாம் தேதி வரைபடம் கையெழுத்தாகிறது. அதுவரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நோட்டை எனக்கு அனுப்ப வேண்டாம். என் கைக்கு அது வரவே வேண்டாம். லோகநாதனின் விலாசத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், நேராக அவருக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிடுங்கள். எனக்கு நீங்கள் பதில்கூடப் போட வேண்டாம். எனக்காக இல்லாவிட்டாலும் அஞ்சம்மாளுக்காகச் செய்யுங்கள்.

தபாலை நம்பாமல் நீங்களே கொண்டுவருவதாக இருந்தால், திருநெல்வேலி வண்டி விடிந்ததும் தாம்பரத்தில் நிற்கும். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, மூன்று நாளும் நான் பிளாட்பாரத்தில் இருப்பேன். கேட்கக்கூடாதுதான், ஆனாலும் கேட்கிறேன், வாருங்கள் சார். என்னோடு பேச வேண்டாம். என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். உங்கள் பெட்டியை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடங்கள். நான் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன்.

கர்த்தர் உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் நல்ல சுகத்தைத் தரட்டும்.

தங்கள்,
கஸ்தூரிரங்கன்