சிவப்பு மூத்திரம்

ஓகஸ்ட் 11, திங்கள்
சோளகக் காற்று. மில் முற்றமெல்லாம் உமித்தூசு. ஹட்டன் பக்கமிருந்து வந்த யோகராஜ் இன்றும் பிந்தினான். மூன்றாம் நாள். ஏழு மணிக்குக் கிளற வேண்டிய நெல் ஒன்பது வரை அப்படியே கிடந்தது. முதலாளி எல்லாருக்கும் முன்னால் என்னைக் கிழித்தார். "மேற்பார்க்கிறியோ, மேயிறியோ?"
எங்கே போனாய் என்றால் யோகராஜிடமிருந்து இருமல் மட்டும். கன்னத்தில் இரண்டு. விழுந்த பிறகு இடுப்பில் ஓர் உதை, சப்பாத்துக் காலோடு. எனக்குக் கை முந்தும், யோசனை பிந்தும்.
மில் மெசினுக்குப் பெல்ட், கிறீஸ் வாங்க.

12, செவ்வாய்
வேலிக்கரையில் யோகராஜ் மூத்திரம் பெய்ததைக் கண்டேன். நல்ல சிவப்பு. என் உதைதான். உள்ளே எதையோ உடைத்துவிட்டேன். செத்தால்? பயம். வெட்கமும்தான்.

13, புதன்
பின்னேரம் ஆசுப்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "வேணாண்ணே, ஒண்ணுமில்லண்ணே." கழுத்தைப் பிடித்து மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன். கிளிநொச்சியில் தாதி மிஸ் ஒருவர் அவனைக் கண்டதும், "காலமையும் வந்தனீங்கள்தானே யோகராஜ்?" என்றார். இடுப்பில் வீக்கம் மட்டுமாம்.
வெளியே வந்துதான் சொன்னான். காசநோய். ஆறு மாதம், தினமும் மிஸ்ஸுக்கு முன்னால் குளிசை விழுங்க வேண்டும். கிளினிக் திறப்பது எட்டுக்கு. அதுதான் பிந்தினது. சிவப்பும் குளிசையாலாம்.
என் உதை இல்லை. சிரித்தேன். அழுகையும் வந்தது.
"மொதலாளிகிட்ட சொல்லிராதீங்கண்ணே. போன மில்லுல பாயக் கொளுத்தி, கல்லெறிஞ்சு தொரத்துனாங்க."
"சொல்லமாட்டன்" என்றேன். இனிப் பிந்தி வா, நான் சமாளிக்கிறேன் என்றும் சொல்ல இருந்தேன். அதற்குள் முதலாளியின் போன். பொயிலர் பழுது. ஓடினேன்.

16, சனி
மூன்று நாளாக யோகராஜ் ஆறே முக்காலுக்கே முற்றத்தில். முதலாளிக்குச் சந்தோசம். "உன்ர உதை வேலை செய்யுது." நானும் இளித்தேன்.
சின்ன மகளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி வாங்க.

18, திங்கள்
வேலிக்கரை. யோகராஜின் மூத்திரம் தண்ணீர் மாதிரி, சிவப்பே இல்லை. சுகமாகிவிட்டது என்று முதலில் நினைத்தேன். மடையன் நான். பாய்ந்து சட்டையைப் பிடித்தேன்.
"எத்தினை நாளாக் குளிசை போடேல்ல?"
இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டான்.
"நேரத்துக்கு வந்துட்டேந்தானேண்ணே."